காப்பாரைப் பணிந்த காவலன்
தென்காசிக் கல்வெட்டுச் செய்யுளும் கட்டடம் பேணும் நெறியும்

கோயில் எடுத்த மன்னரைப் புகழும் செய்யுட்களும் மெய்க்கீர்த்திகளும் தமிழில் மிகப் பல. எடுத்த கோயிலைப் பிற்காலத்தில் பழுது நீக்கிக் காத்தவரைப் போற்றுவன சில. கோயிலை எடுத்தவனே, தனக்குப் பின் தோன்றி அதனைக் காக்கப் போகின்றவரை வணங்குவதாக அமைந்த செய்யுளோ அரிதினும் அரிது. அத்தகைய செய்யுள் தென்காசிக் காசி விசுவநாதர் கோயிற் கல்வெட்டில் உள்ளது. கோயிலை எடுப்பித்த பராக்கிரம பாண்டியனின் கூற்றாகவே அது நிற்கின்றது.

இக்கோயிலைப் பற்றி எழுதுவோர் அச்செய்யுளை அரசனின் தொலைநோக்கிற்குச் சான்று என்றும், அடக்கத்திற்குச் சான்று என்றும் புகழ்ந்து மேற்செல்வது வழக்கம். இரண்டும் உண்மையே. ஆயினும் அவ்வளவில் நின்றுவிடுதல் செய்யுளுக்கு நாம் செய்யும் குறையாகும். பழைய கட்டடத்தை எவ்வாறு பேணவேண்டும் என்பது பற்றிய தெளிவான ஒரு நெறியை அச்செய்யுள் தன்னுள் கொண்டுள்ளது. அந்நெறியில் ஒரு பாதியை நாம் ஆர்வத்துடன் பின்பற்றி, மறுபாதியை மறந்துவருகின்றோம். இவ்விரண்டனையும் நிறுவுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

செய்யுளின் சூழல்

பாண்டியர் பேரரசு 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிலை குலைந்தது. 1311இல் மாலிக்காபூரின் படை மதுரையை அடைந்தது. பின்னர் மதுரையில் சுல்தான்களின் ஆட்சியும், அதன் பின் விசயநகரத்தாரின் மேலாண்மையும் நிலைபெற்றன. பாண்டியர் மரபினர் தென்பாண்டி நாட்டில் ஒதுங்கி வாழ்ந்தனர். அவருள் அரிகேசரி பராக்கிரம பாண்டியன் 1422 முதல் 1463 வரை அரசு வீற்றிருந்தவன். 1446இல் அவன் தென்காசியில் விசுவநாதருக்குக் கோயிலெடுக்கத் தொடங்கினான். கோபுரப் பணி அதற்குப் பத்தாண்டுகட்கு மேற்பட்டு, 1457இல் தொடங்கியது. ஆறாண்டுகளில் அவன் மறைந்தான். எஞ்சிய கோபுரப் பணியை அவன் இளவல் குலசேகர பாண்டியன் நிறைவேற்றினான் என்பர்.

இக்கால வரிசையைக் கருதுமிடத்து ஓர் உண்மை புலனாகும். மூதாதையர் ஆண்ட மதுரை கைவிட்டுப் போனதையும், பழைய கோயில்கள் பூசனையற்றுக் கிடந்த காலம் ஒன்று இருந்ததையும் அறிந்த குடியிற் பிறந்தவன் இவன். தான் எடுக்கும் கட்டடம் தன் வாழ்நாளில் முற்றுப்பெறுமோ என்னும் ஐயமும் அவனுக்கு இருந்திருக்கலாம். 'இது சந்திர சூரியர் உள்ளவரை நிற்கும்' என்று இறுமாந்து கூறுவதற்கு அவனுக்கு இடமில்லை. கட்டடத்திற்குக் கேடு வரும் என்பதை ஒப்புக்கொண்டே அவன் பேசுகின்றான். பெருமிதச் செய்யுட்கள் நிறைந்த கல்வெட்டுலகில் இஃது ஒரு புதுக்குரலாகும்.

செய்யுள் கட்டளைக் கலித்துறையால் ஆனது. அதன் பொருளை மட்டும் ஈண்டு எடுத்துரைப்போம். தென்காசியில் உள்ள இப்பொன்னனைய கோயிலுக்கு நேரக்கூடாத குற்றம் ஒன்று நேருமானால், அது நேர்ந்த அப்போதே அதனைச் செவ்விதின் நீக்கிக் கோயிலைக் காப்பவர் எவராக இருப்பினும், அவரை உலகத்தார் அறியத் தான் பணிந்துவிட்டதாக மன்னன் கூறுகின்றான். தன் பெயரைச் செய்யுளின் இறுதியில் கையொப்பம் போல வைக்கின்றான். இதனோடு சார்ந்த மற்றொரு செய்யுளில், கோயிலை ஆதரித்துக் காவல் பூணும் மன்னரின் அடிகளைத் தன் தலைமேற் கொண்டதாகவும் உரைக்கின்றான்.

மரபு வாய்பாடும் செய்யுளின் புதுமையும்

'இது கல்வெட்டுகளில் வழக்கமாக வரும் வாய்பாடுதானே. இதில் புதுமை யாது?' என்று வினவுவோர் உளர். வினா தக்கதே. அறத்தைக் காத்தவன் திருவடி தன் தலைமேல் தங்கும் என்று கொடையாளர் கூறுதல் பல்லவர் காலந்தொட்டு வரும் மரபு. அறத்திற்குத் தீங்கு நினைத்தவன் கங்கைக்கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தை அடைவான் என்னும் சாபமொழியும் கல்வெட்டு படிப்போர் நன்கறிந்ததே. பன்மாகேசுவரர் காவல் என்று முடிவதும் அத்தகையதே.

ஆனால் வாய்பாட்டையும் செய்யுளையும் அருகருகே வைத்து நோக்குக. மூன்று வேறுபாடுகள் தோன்றும். முதலாவது, வாய்பாட்டில் காக்கப்படுவது பெரும்பாலும் நிலமோ, விளக்கோ, நாள்வழிபாட்டுக்குரிய நெல்லோ ஆகும். அஃதாவது அறக்கட்டளையின் பொருள். செய்யுளில் காக்கப்படுவது கோயிலே. இரண்டாவது, வாய்பாடு கேடு செய்யும் மனிதனை எதிர்நோக்குகின்றது. அதனால் சாபம் வேண்டப்படுகின்றது. செய்யுளோ கேடு செய்வான் ஒருவனைச் சுட்டவே இல்லை. குற்றம் தானே வருவதாக, காலத்தின் இயல்பாக, அதனைக் கூறுகின்றது. பகைவனைத் தேடிக் கொண்டிராமல் பழுது பார்ப்பவனைத் தேடுகின்றது. ஆகவே அதில் சாபத்திற்கு இடமில்லை, வணக்கத்திற்கே இடமுண்டு.

மூன்றாவது வேறுபாடு இலக்கணத்தைச் சார்ந்தது. இனிமேல் தோன்றப்போகும் ஒருவனைப் 'பணிவேன்' என்று எதிர்காலத்தாற் கூறுதலே இயல்பு. மன்னனோ 'பணிந்தேன்' என்று இறந்தகாலத்தால் முடிக்கின்றான். விரைவு, மிகவு, தெளிவு, இயல்பு என்னும் காரணங்களால் காலம் மயங்கி வரும் என்பர் நன்னூலார். இங்கே வந்துள்ளது தெளிவு பற்றிய மயக்கம் எனக் கொள்ளலாம். ஒருவன் வந்தே தீர்வான் என்னும் உறுதி அதில் உள்ளது. அதனினும் ஆழமான பயன் ஒன்றும் உண்டு. வணக்கம் முன்கூட்டியே செலுத்தப்பட்டுவிட்டது. கூலியை முன்னரே பெற்றுக்கொண்டவன் பணியைச் செய்யாமல் இருத்தல் ஆகாது. எனவே பின்வருவோர் அனைவரும், தாம் கேளாமலே பெற்றுக்கொண்ட அவ்வணக்கத்தால் அவனுக்குக் கடன்பட்டவர் ஆகின்றனர். வேண்டுகோள் போலத் தோன்றும் செய்யுள் உண்மையில் ஒரு கடன் பத்திரம் எனலாம்.

'குற்றம்' என்னும் சொல்

இனிச் செய்யுளின் நடுநாயகமாகிய 'குற்றம்' என்னும் சொல்லை ஆராய்வோம். சிதைவு, இடிவு, பழுது முதலிய சொற்களை விடுத்து மன்னன் இப்பொதுச்சொல்லை ஆண்டது கருதத்தக்கது. கல் பெயர்தலும் குற்றம். பூசை தவறுதலும் குற்றம். வருவாய் குன்றுதலும் குற்றம். கோயில் என்பது கட்டடம் மட்டும் அன்று, அதனுள் நிகழும் வழிபாடும் அதனைச் சூழ்ந்த ஊரும் சேர்ந்த ஒன்று என்னும் உணர்வு இச்சொல்லில் அடங்கியுள்ளது.

அச்சொல் வாக்கியத்தில் நிற்கும் இடம் இன்னும் இன்றியமையாதது. நீக்குதல் என்னும் வினைக்குச் செயப்படுபொருளாக நிற்பது குற்றமே, கோயில் அன்று. கோயில் காத்தல் என்னும் வினைக்கு உரியது. நீக்கற்குரியது ஒன்று, காத்தற்குரியது மற்றொன்று. இவ்விரண்டனையும் வேறுபடுத்தி அறிதலே பழுது பார்ப்போனின் முதற்கடமை என்பது இதனாற் பெறப்படும். மருத்துவன் நோயை நீக்குகின்றான், நோயாளியை நீக்குவதில்லை. அவ்வாறே குற்றத்தை நீக்கப் புகுந்து கோயிலின் பழமையையும் உடன் நீக்கிவிடுவோர் அம்மன்னனின் வணக்கத்திற்கு உரியர் ஆகார். குற்றம் வந்த அப்போதே நீக்குதல், செவ்விதின் நீக்குதல், குற்றத்தை மட்டும் நீக்குதல், நீக்கியபின் காவல் பூணுதல் என நான்கு கூறுகள் இந்நெறியில் அமைந்துள்ளன.

பழுது பார்த்தலை நம் சிற்ப நூலோர் சிறுபணியாகக் கருதவில்லை. சீர்ணோத்தாரணம் என்னும் பெயரால் ஆகமங்கள் அதனை விரித்துரைக்கின்றன. மயமதம் அதற்கெனத் தனி இயலே வகுத்துள்ளது. பணி நடைபெறுங்கால் இறைவனை எழுந்தருளச் செய்யும் சிறு கோயிலைப் பாலாலயம் என்பர். தேவாரம் பெற்ற திருமீயச்சூர் இளங்கோயிலின் பெயர் இவ்வழக்கத்தின் தொன்மைக்குச் சான்றாகக் காட்டப்பெறும்.

மேலைநாட்டில் இப்பொருள் பற்றிய வழக்கு 19ஆம் நூற்றாண்டில் முற்றியது. பழைய கட்டடத்தை, அது முன்னெக்காலத்தும் பெற்றிராததாகவும் இருக்கக்கூடிய ஒரு முழுநிலைக்குக் கொணர்தல் வேண்டும் என்றார் பிரான்சு நாட்டு வியோலெ லெ தியூக். அவ்வாறு புதுக்குதல் கட்டடத்தை அழிப்பதே என்று 1849இல் கடிந்துரைத்தார் இங்கிலாந்தின் ரசுகின். அவர் வழிவந்த வில்லியம் மாரிசு 1877இல் பழங்கட்டடங்களைக் காக்கும் கழகம் ஒன்றை நிறுவினார். 1964இல் வெனிசு நகரில் வகுக்கப்பட்ட உடன்படிக்கை, ஊகம் தொடங்குமிடத்தில் புதுக்குதல் நிற்கவேண்டும் என்றும், புதிதாகச் சேர்க்கும் பகுதி பழையதனோடு இயைந்தும், அதே வேளையில் வேறென அறியப்பட்டும் நிற்கவேண்டும் என்றும் விதித்தது.

இவ்விதிகளை வழிபாடு நிகழும் நம் கோயில்களுக்கு அப்படியே பொருத்துதல் இயலாது. விளக்கு எரியாத பழஞ்சின்னத்திற்கும், நாள்தோறும் திருமஞ்சனம் நிகழும் திருமேனிக்கும் வேறுபாடு உண்டு. 1994இல் சப்பானின் நாரா நகரில் கூடிய அறிஞர், ஒரு பொருளின் மெய்ம்மை என்பது ஒவ்வொரு பண்பாட்டிற்கும் ஏற்ப ஆராயப்படவேண்டுவது என ஒப்புக்கொண்டனர். 2004இல் இந்தியக் கலை பண்பாட்டு மரபு அறக்கட்டளை வெளியிட்ட உடன்படிக்கையும் சீர்ணோத்தாரண மரபிற்கு இடமளித்தது. நம் செய்யுள் தியூக்கின் கட்சியையும் சாராது. ரசுகினின் கட்சியையும் சாராது. 'புதுக்குக' என்றும் அது கூறவில்லை. 'தொடற்க' என்றும் கூறவில்லை. 'குற்றத்தைத் தொடுக' என்றே கூறுகின்றது.

கோபுரம் தரும் சான்று

இந்நெறியை உரைத்துப் பார்க்கத் தென்காசிக் கோபுரமே சிறந்த உரைகல். பாண்டியர் எடுத்த கோபுரம் பிற்காலத்தில் சிதைந்தது. தீயால் அழிந்தது என்றும், இடியால் பிளந்தது என்றும் பலவாறு கூறுவர். எவ்வாறாயினும், பல தலைமுறைகளைச் சேர்ந்த தென்காசி மக்கள் கண்டது நடுவே பிளவுண்டு நின்ற மொட்டைக் கோபுரமே. பின்னர்ப் பா. சிவந்தி ஆதித்தனார் முன்னின்று ஊக்க, ஒன்பது நிலைக் கோபுரம் மீண்டும் எழுந்தது. 1990இல் குடமுழுக்கு நடைபெற்றது.

இச்செயல் மன்னன் கூறிய நெறிக்கு ஒத்ததா? 'பிளவுண்ட கோபுரமும் வரலாற்றின் சான்றே; அதனை அவ்வாறே நிறுத்தியிருத்தல் வேண்டும்' என வாதிடுவோர் இருக்கலாம். அதனை நாம் உடன்படவில்லை. காரணம் கோபுரத்தின் இயல்பிலேயே உள்ளது. நம் பெருங்கோபுரங்களின் அடிப்பகுதி கருங்கல்லால் ஆனது; மேல்நிலைகள் செங்கல்லும் சுதையும் கொண்டவை. கல் நிற்கவும், சுதை காலந்தோறும் புதுக்கப்படவும் ஆகவே அவை வகுக்கப்பட்டன. கல்தச்சன் ஒருமுறை செய்தான். சுதைக்காரன் தலைமுறைதோறும் செய்துவந்தான். எனவே மேல்நிலைகள் மீண்டும் எழுந்தது அக்கட்டட முறையின் உள்ளியல்பிற்கு முரண் அன்று. பராக்கிரமன் தொடங்கியதைத் தம்பி தொடர்ந்தது போலவே, தம்பி முடித்ததைப் பிற்காலத்தார் மீண்டும் முடித்தனர் எனக் கொள்க.

ஆயினும் இதனை எல்லாவற்றிற்கும் விதியாக விரித்தல் பெரும்பிழையாகும். மீண்டும் செய்யத்தக்கது ஒன்று. மீண்டும் செய்ய இயலாதது வேறொன்று. அக்கோயிலின் முன்மண்டபத்தில் உள்ள வீரபத்திரர், இரதி, மன்மதன் முதலிய பேருருவச் சிற்பங்களின் விரல் ஒன்று முறிந்தால் அதனைச் சிமிட்டியால் ஒட்டுவது கோபுரத்திற்கு நிலை எடுப்பது போன்றது அன்று. கல்வெட்டின் ஓரெழுத்துத் தேய்ந்தால் அதனை எவரும் மீண்டும் எழுதுதல் ஆகாது. எழுதினால் அது கல்வெட்டு அன்று, போலி. கற்சுவரைத் தூய்மை செய்ய மணலை விசையுடன் வீசும் முறை ஒரு காலத்தில் கோயில்களில் பரவியிருந்தது. அதனால் கல்லின் அழுக்கோடு எழுத்தும் உளிநயமும் மழுங்கிய பின்னரே அதற்குத் தடை வந்தது. குற்றத்தை நீக்கப் புகுந்தோர் தாமே குற்றம் ஆயினர் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

நாம் மாணவருடன் தென்பாண்டி நாட்டுச் சிற்றூர்க் கோயில் ஒன்றிற்குக் கல்வெட்டுப் படிக்கச் சென்றோம்; ஊர்ப்பெயர் ஈண்டு வேண்டா. பழைய அதிட்டானத்தின் மேல் பளபளக்கும் புதிய தளவோடுகள் பதிக்கப்பட்டிருந்தன. 'எழுத்து எங்கே?' என்று வினவிய மாணவரிடம், 'உள்ளே பத்திரமாக இருக்கிறது ஐயா' என்றார் அங்கிருந்த முதியவர். அவர் கூற்றில் கேலி சிறிதும் இல்லை. தம் ஊர்க் கோயில் தூய்மை பெற்றதில் அவருக்கு உண்மையான மகிழ்ச்சி இருந்தது. பொருள் கொடுத்தவரும் அன்பினாலேயே கொடுத்தனர். இங்கே குறை அன்பில் இல்லை. குற்றம் இது, கோயில் இது எனப் பிரித்துக் காட்டும் அறிவு அவ்வன்போடு சேராமையே குறை.

சித்திர சபை எழுப்பும் வினா

தென்காசியிலிருந்து மேற்கே சில கல் தொலைவில் குற்றாலம் உள்ளது. தென்காசிக் கோபுரம் நமக்கு எளிய வழக்கை அளித்தது. குற்றாலத்துச் சித்திர சபை கடிய வழக்கை அளிக்கின்றது. கூத்தப்பிரானுக்குரிய ஐந்து சபைகளுள் தில்லை பொன்னம்பலம், மதுரை வெள்ளியம்பலம், நெல்லை தாமிரவம்பலம், திருவாலங்காடு இரத்தின சபை. ஐந்தாவதாகிய குற்றாலத்துச் சபை ஓவியத்தால் ஆனது. குற்றாலநாதர் கோயிலுக்குச் சற்று அப்பால், எதிரே தெப்பக்குளம் விளங்க, சரிந்த கூரையுடன் அது அமைந்துள்ளது. மலையாள நாட்டு மழைக்கு ஏற்ற கட்டட முறையின் சாயலை அக்கூரையிற் காணலாம். உள்ளே சுவர்களிற் புராணக் காட்சிகள் தீட்டப்பெற்றுள்ளன. மற்றச் சபைகளில் இறைவன் திருமேனியாக ஆடுகின்றான். இங்கே சித்திரமாகவே ஆடுகின்றான்.

இங்கேதான் நம் வினா கூர்மை பெறுகின்றது. செப்புத் திருமேனி தேய்ந்தாலும் வடிவம் நிற்கும். சித்திரம் மங்கினால் வழிபடு வடிவமே மறையும். மங்குதலைக் குற்றம் எனக் கொண்டு மேலே புதுவண்ணம் தீட்டினால் பழைய ஓவியன் மறைகின்றான். தீட்டாது விட்டால் நாளடைவில் இறைவனின் உருவம் மறைகின்றது. கோட்டுநெறியும் வண்ணமும் எக்காலத்தன என ஆராயும் கலை வரலாற்றாசிரியனுக்கு மேற்பூச்சு இழப்பு. வழிபட வரும் அடியவனுக்கு மங்கல் இழப்பு. இருவரும் உண்மையே பேசுகின்றனர்.

இவ்வழக்கைத் தீர்க்கச் செய்யுளின் சொற்களுக்கே மீள்வோம். குற்றம் யாது என முதலில் காணுதல் வேண்டும். குற்றாலத்தில் சூன் முதல் ஆகத்து வரை சாரல் வீசும். காற்றோடு வரும் நுண்ணீர் கூரையின் இடுக்கில் இறங்கிச் சுவரை நனைக்கும். சுண்ணாம்புச் சாந்து ஈரத்தை உண்டு, வெயில் வந்தபின் உமிழும் இயல்புடையது. கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் சேர்த்து அரைத்த பழைய சாந்து தலைமுறை பல நின்றதன் காரணங்களுள் இதுவும் ஒன்று. அத்தகைய சுவரின் மேல் சிமிட்டிப் பூச்சு இட்டால் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளே தங்கும், உப்புப் பூக்கும், வண்ணத்தகடு உதிரும். அப்போது குற்றம் ஓவியத்தில் இல்லை; கூரையிலும் சாந்திலும் உள்ளது. கூரையைச் செப்பனிடாது ஓவியத்தைத் தீட்டுதல் காய்ச்சலைத் தீர்க்காமல் நெற்றிக்குச் சந்தனம் பூசுதல் போன்றது. ஆகவே நீர் இறங்குதலைத் தடுத்தல் முதற்பணி. உதிரும் படலத்தை ஒட்டி நிறுத்துதல் இரண்டாம் பணி. உள்ளதை உள்ளவாறு படமெடுத்தும் வரைந்தும் பதிவு செய்தல் இவ்விரண்டிற்கும் முற்பட்ட பணி. வழிபடு வடிவத்தில் வண்ணம் சேர்த்தே ஆகவேண்டுமெனின், அதனை அவ்வடிவத்தளவில் நிறுத்தி, ஆண்டும் செய்தோர் பெயரும் குறித்துவைத்தல் தகும். சுற்றுச்சுவர்க் காட்சிகளைத் தொடுதல் ஆகாது. இங்ஙனம் செய்யின் அடியவனும் ஆராய்ச்சியாளனும் ஒருசேர நிறைவுறுவர்.

பெயர் குறித்துவைத்தல் நமக்குப் புதிதன்று. மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் இயற்றிய திருக்குற்றாலக் குறவஞ்சியில் சிங்கன் பறவைகள் மேயும் வயல்களை வரிசையாகக் கூறுகின்றான். அவ்விடத்தில் கோயிற்கு நிலமும் கட்டளையும் திருப்பணியும் செய்தோரின் பெயர்களும் கலந்து வருகின்றன. கதைச்சுவை நாடுவோர் அப்பகுதியை விரைந்து கடப்பர். ஆனால் அது 18ஆம் நூற்றாண்டுக் குற்றாலத்தின் திருப்பணிப் பதிவேடு எனத்தக்கது. காத்தோரை மறவாத கவிராயர்க்கு மதுரை நாயக்க மன்னரின் கொடையாக வந்த நிலம் 'குறவஞ்சி மேடு' எனப் பெயர் பெற்றது. பாட்டும் பணியும் ஒன்றையொன்று தாங்கிய காலம் அது.

ஊரும் வீதியும்

கோயிலைப் பேசும் நாம் ஊரை மறத்தல் ஆகாது. குறவஞ்சியின் தொடக்கம் இறைவனின் பவனி. பவனிக்கு வீதி வேண்டும்; வீதிக்கு இருமருங்கும் மாடமும் திண்ணையும் வேண்டும்; அவற்றிலிருந்து காண மக்கள் வேண்டும். உலா, குறவஞ்சி போன்ற சிற்றிலக்கியங்களின் உயிர்நிலை வீதியே எனலாம். தென்காசியில் தேரோடும் வீதிகளும் மாசி வீதிகளும் கோயிலின் திருவிழாவிற்கென வகுக்கப்பட்டவை. அங்கு நின்ற பழைய வீடுகள் திண்ணையும், மழைநீர் வழியச் சரிந்த ஓட்டுக்கூரையும், நடுவே வானவெளியும் கொண்டவை. அண்மையிலுள்ள செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரைச் சார்ந்திருந்தது. ஆரியங்காவுக் கணவாய் வழியே மரமும் தச்சுமுறையும் வந்து கலந்தன. இருநாட்டுக் கட்டடக்கலையும் கைகோத்த எல்லைப்புறம் இது.

2019 நவம்பர் 22இல் தென்காசி தனி மாவட்டமாயிற்று. தலைநகரான ஊரில் அலுவலகமும் கடையும் பெருகுதல் இயல்பு. நாம் அதனைப் பழிக்கவில்லை. ஆயின் 1958ஆம் ஆண்டு நடுவண் சட்டமும் 1966ஆம் ஆண்டு மாநிலச் சட்டமும் தாம் அறிவித்த பழஞ்சின்னங்களையே காக்கும். தெருவீட்டுத் திண்ணையை அவை காணா. 2012இல் இயற்றப்பட்ட தமிழ்நாடு மரபு ஆணையச் சட்டம் இக்குறையை நிரப்ப வழிசெய்யலாம். சட்டம் வரும்வரை திண்ணை காத்திராது என்பதும் உண்மை. திண்ணையற்ற, தூண்வரிசையற்ற, விளம்பரப் பலகைகள் மூடிய வீதியில் தேர் ஓடும், பவனி இராது.

காப்போர் யாவர்?

மன்னன் 'எவராயினும்' என்றான். குலமும் பதவியும் அவன் கேட்கவில்லை. இன்று இப்பணி பலர் கையிற் பிரிந்து கிடக்கின்றது. 1972ஆம் ஆண்டின் சட்டம் கட்டடக்கலைஞர் என்னும் பட்டத்தைப் பதிவு பெற்றோர்க்கே உரிமையாக்கியது. நகரங்களின் புதுக்கட்டடங்களுக்கு அச்சட்டம் வேண்டுவதே. ஆனால் தந்தையிடமிருந்து தச்சு முழக்கோலைப் பெற்ற தபதிக்கு அப்பட்டத்தில் இடம் எளிதன்று. மாமல்லபுரத்தில் 1957இல் தொடங்கிய சிற்பக் கல்விநிலையம் இவ்விடைவெளியை ஓரளவு தூர்த்தது. வள்ளுவர்க்குக் குமரியில் 133 அடிச் சிலை வகுத்த வை. கணபதி தபதி அந்நிலையத்தைப் பல்லாண்டு நடத்தியவர். எனினும் அங்கும் பெரிதும் பயில்வது புதியது ஆக்கும் கலை. பழையதைப் பேணும் கலை அதனின் வேறு; அதற்குத் தனிப்பயிற்சி வேண்டும்.

தபதி கல்லின் அளவை அறிவார். பொறியாளர் சுமையை அறிவார். வேதியியலார் சாந்தையும் வண்ணத்தையும் அறிவார். கல்வெட்டறிஞர் எழுத்தை அறிவார். இவர் அனைவரும் பணி தொடங்கும் முன் ஒருங்கிருந்து 'குற்றம் யாது?' என்று வினவுதலே முறை. நடைமுறையில் குடமுழுக்கு நாள் முதலிற் குறிக்கப்படுகின்றது; குற்றம் பின்னர்த் தேடப்படுகின்றது. பன்னிரண்டாண்டுக்கு ஒருமுறை குடமுழுக்கு என்னும் வழக்கம் உரிய காலத்தில் பழுது நீக்கும் நல்ல ஏற்பாடே. நாளின் நெருக்கம் பணியின் செம்மையை விழுங்கும்போதுதான் அது கேடாகின்றது. 'அப்போதே' என்றும் 'செவ்விதின்' என்றும் மன்னன் இரண்டும் கூறினான். விரைவை மட்டும் கொண்டு செம்மையை விடுதல் செய்யுளில் பாதியைப் படித்தல் ஆகும்.

இவ்வரிசையில் தமிழ்த்துறையினராகிய நமக்கும் ஓரிடம் உண்டு. குற்றாலத்தில் வாழ்ந்து 1954இல் மறைந்த இரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார் ஒரு செய்யுளை ஊன்றி நின்று துய்க்கும் வழியைக் காட்டினார். அவ்வழியிற் கற்ற நாம் ஏட்டுச் செய்யுளை ஆயிரம் முறை ஆராய்கின்றோம். கல்லிலுள்ள செய்யுளைத் தேடிச் செல்வோர் நம்மிற் சிலரே. திருப்பணி அறிவிப்பு வந்தவுடன் அவ்வூர்க் கல்வெட்டுகளைப் படியெடுத்துப் பதிவு செய்தலை முதுகலை மாணவர்க்குப் பாடமாக்கினால் என்ன? தளவோடு மூடுவதற்கு முன் எழுத்து ஒருமுறையேனும் படிக்கப்பெறும். அது தமிழ் கற்றார் செய்யத்தக்க திருப்பணியாகும்.

முடிவுரை

பராக்கிரம பாண்டியன் செய்யுள் அடக்கத்தை மட்டும் காட்டுவதன்று. கட்டடம் பேணும் நெறியை வகுப்பது என்பதையும், அந்நெறியின் உயிர் குற்றத்தையும் கோயிலையும் பிரித்தறிதலில் உள்ளது என்பதையும் இதுகாறும் கண்டோம். கோபுரத்தின் மேல்நிலைகளை மீண்டும் எழுப்பியது அந்நெறிக்கு மாறன்று. எழுத்தையும் சிற்பத்தையும் ஓவியத்தையும் 'புதுக்குதல்' அதற்கு மாறானது. புதுக்கும் பாதியை நாம் நன்கு கற்றுள்ளோம். காக்கும் பாதியை இனிக் கற்றல் வேண்டும்.

மன்னன் தன் வணக்கத்தை ஐந்நூறு ஆண்டுகட்கு முன்னரே செலுத்திவிட்டான். இன்று தென்காசிக் கோயிலிலோ குற்றாலத்துச் சபையிலோ சாந்துக்கரண்டியைக் கையிலெடுக்கும் ஒவ்வொருவர் முன்னும் அவ்வணக்கம் நிற்கின்றது. அதனைப் பெறுதற்குரியவராய் அவர் அக்கரண்டியை எடுக்கின்றாரா என்பதே நாம் வினவவேண்டுவது.